கிரேடு 2 லிஸ்டட் கல் வீடு வாங்கலாமா? சுவரில் ஓதம் என்கிறார் சர்வேயர்

வைகறை எழுதியது:

வணக்கம். இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயரில், காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன ஊரில் கல் வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். கிரேடு 2 லிஸ்டட், அதாவது வரலாற்று மதிப்புக்காகச் சட்டம் பாதுகாக்கும் கட்டடம். விலை பேசி முடித்தாயிற்று, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எனக்கும் என் கணவருக்கும் பார்த்த அன்றே பிடித்துவிட்டது. ஆனால் வாங்குவதற்கு முன் வீட்டின் நிலையைச் சோதிக்கச் சொன்ன சர்வேயரின் அறிக்கை வந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் சரியான தூக்கம் இல்லை.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். தெருவைப் பார்த்த முகப்பில் இடது பாதி கரடுமுரடான கல், முக்கோணமாக உச்சிவரை ஏறும் சுவர். அதில் கல் தடுப்பு வைத்த பழைய ஜன்னல்கள், கீழே நான்கு கண், மாடியில் மூன்று, உச்சியில் இரண்டு. வலது பாதி அப்படியே வேறு வீடு மாதிரி இருக்கிறது: வழவழப்பாக இழைத்த கல், மேலும் கீழும் தள்ளித் திறக்கும் உயரமான சாஷ் ஜன்னல்கள். பக்கச் சுவரில் ஒரு ஜன்னலைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள், ஜன்னல் எண்ணிக்கையைப் பார்த்து வீட்டுக்குப் போட்ட பழைய ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்கிறார் விற்பவர். கூரை முழுக்கக் கல் ஓடு. பின்னால் சமையலறையில் மட்டும் பிளாஸ்டிக் ஜன்னல், 1990-களில் போட்டதாம். கணப்புக்கு மேலே பெரிய ஓக் உத்திரம் இருக்கிறது, அதில் காம்பஸ் வைத்துக் கீறியது போல ஆறு இதழ்ப் பூ ஒன்று. என் மகள் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

தேசியப் பட்டியலில் இந்த வீட்டுக்கு நான்கே வரி விவரம். 17-ஆம் நூற்றாண்டு, 18-ஆம் நூற்றாண்டில் மாற்றம், சுண்ணாம்புக்கல், கல் ஓடு, அவ்வளவுதான். பூவைப் பற்றியோ படிக்கட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

சர்வேயர் சொல்வது: கீழ்த்தளச் சுவர்களில் ஓதம், மீட்டர் எல்லா இடத்திலும் சிவப்புக் காட்டுகிறது, ஓதத் தடுப்பு வேலை செய்யும் ஒரு கம்பெனியைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டோம். சுவரில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் ஏற்றி, உள்பூச்சை எல்லாம் இடித்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும் என்று பெரிய தொகை ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்கள். 300 வருடத்துக்கு மேல் நின்ற வீட்டுக்கு இப்போது திடீரென்று ஏன் இது தேவைப்படுகிறது என்று எனக்குப் புரியவில்லை. இந்த மாதிரி வீட்டில் வாழ்பவர்களோ, வேலை செய்பவர்களோ யாராவது விளக்கிச் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.

---

கல்தச்சன் எழுதியது:

அந்தத் துளை போடும் வேலைக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆக்ஸ்போர்டுஷயரில் பழைய கல் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் 14 வருடமாக இருக்கிறேன். நீங்கள் சொல்லும் வகை வீடுகளில்தான் பாதி நாள் கழிகிறது.

உங்கள் சுவர் அநேகமாக அரை மீட்டர் கனம் இருக்கும். அது ஒரே கல் இல்லை. வெளியே ஒரு அடுக்கு, உள்ளே ஒரு அடுக்கு, நடுவில் உடைகல்லும் சுண்ணாம்பும் மண்ணும் போட்டு நிரப்பியது, ஆங்காங்கே இரண்டு அடுக்கையும் பிடித்து நிறுத்த நீளக் கல். நடுவில் எவ்வளவு பொந்து இருக்கும் என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதில் ரசாயனத்தை ஏற்றினால் பொந்துகளுக்குள் ஓடிவிடும், சுவர் முழுக்க ஒரே கோடாக எப்படி நிற்கும்? தவிர, லிஸ்டட் வீட்டுச் சுவரில் வரிசையாகத் துளை போடுவதற்கு உள்ளூர் கவுன்சிலின் அனுமதி வேண்டியிருக்கும், அதை அந்தக் கம்பெனி உங்களிடம் சொன்னதா?

மீட்டர் விஷயம். அந்த மீட்டர் மரத்தின் ஈரத்தை அளக்க அளவு வைத்தது. கல்லிலும் பழைய பூச்சிலும் உப்பு இருந்தாலே சிவப்புக் காட்டும், ஈரம் எவ்வளவு, எங்கிருந்து வருகிறது என்று அதனால் சொல்ல முடியாது. எங்கிருந்து வருகிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

இந்த வீட்டைக் கட்டியவர்கள் தண்ணீரை நினைத்தேதான் ஒவ்வொரு கல்லையும் வைத்தார்கள். அழகுக்கு என்று நாம் நினைக்கிற பாதி விஷயம் தண்ணீருக்காக. கூரையிலிருந்து கீழே வருகிறேன், நீங்களும் வீட்டு முன்னால் நின்று இதே வரிசையில் பாருங்கள்.

கூரை செங்குத்தாக, 50 முதல் 55 டிகிரி சரிவில் இருக்கும். கல் ஓடு கையால் பிளந்தது, ஒன்று போல் ஒன்று இருக்காது, அடுக்கினால் இடைவெளி விழும், அதனால் தண்ணீர் தங்காமல் ஓடியாக வேண்டும். முகட்டில் உள்ளங்கை அகல ஓட்டில் ஆரம்பித்துக் கீழே வர வர ஓடு பெரிதாகிக்கொண்டே போவதைக் கவனித்தீர்களா? மேலே விழுந்த மழை எல்லாம் இறவாரத்தில்தான் சேருகிறது, அங்கே மூட்டு குறைவாக இருப்பது நல்லது, அதனால் பெரிய ஓடு அங்கே. ஒவ்வொரு ஓட்டிலும் ஒரு துளை, அதில் ஓக் முளை, அந்த முளை ரீப்பரில் தொங்கும். மச்சுக்குள் ஏறிப் பாருங்கள். முளை உளுத்துப்போயிருந்தால் ஓடு நழுவ ஆரம்பித்திருக்கும். ஓடு நன்றாக இருந்தும் முளை போனதால் கூரை போன வீடுகள் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் அதே ஓட்டை இறக்கி, உடைந்ததை மட்டும் மாற்றி, திரும்ப ஏற்றலாம்.

இந்த ஓடு எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. ஆக்ஸ்போர்டுஷயரில் ஸ்டோன்ஸ்ஃபீல்ட் என்று ஒரு ஊர். அங்கே நிலத்துக்கடியிலிருந்து கல்லைத் தோண்டி, காயவிடாமல் ஈரமாகவே வைத்திருந்து, குளிர்காலத்தில் வயலில் பரப்புவார்கள். உறைபனி விழும் இரவில் கல்லுக்குள் இருக்கும் ஈரம் பனிக்கட்டியாகிக் கல்லைத் தாள் தாளாகப் பிளந்துவிடும். பனி வருகிறது என்று தெரிந்தால் நடுராத்திரியில் தேவாலய மணி அடிக்கும், ஊரே எழுந்து போய்க் கல்லுக்குத் தண்ணீர் விடும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு அந்தத் தொழில் நின்றுபோனது. நார்த்தாம்டன்ஷயரில் கொலிவெஸ்டன் கல்லும் இதே முறைதான், அங்கே இப்போது பெரிய குளிர்ப்பெட்டிக்குள் வைத்து அந்த உறைபனியை உண்டாக்குகிறார்கள். ஆகவே உங்கள் கூரையில் இருக்கும் ஒரு ஓட்டைக்கூட வேலைக்காரர்கள் அலட்சியமாக வீச விடாதீர்கள்.

அடுத்து ஜன்னல். பழைய ஜன்னல்களின் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் கொஞ்சம் கீழே மடங்கும் கல் பட்டை இருக்கும். அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், உள்வாங்கிச் செதுக்கியிருப்பார்கள். சுவரில் வழியும் தண்ணீர் அந்த விளிம்பில் சொட்டிவிடும், கண்ணாடிப் பக்கம் போகாது. அந்தச் செதுக்கலில் யாராவது சிமெண்ட் பூசி நிரப்பியிருந்தால் ஜன்னலுக்குக் கீழே உள்சுவர் நனையும்.

அப்புறம் சுவர். காட்ஸ்வோல்ட்ஸ் கல் சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மீன் சினை போலக் குட்டிக் குட்டி உருண்டைகள் தெரியும். அது தண்ணீரைக் குடிக்கும் கல். மழை பெய்யும்போது கொஞ்சம் உள்ளே இழுக்கும், காற்றும் வெயிலும் வந்ததும் வெளியே விடும். வெளியே விடுவது பெரும்பாலும் கல் வழியாக இல்லை, கல்லுக்கு நடுவில் இருக்கும் சுண்ணாம்புக் கலவை வழியாக. கலவை கல்லைவிட மென்மையாக இருந்தால், தேய்மானம் கலவைக்கு, கல் பிழைத்துக்கொள்ளும். நூறு வருடத்துக்கு ஒருமுறை கலவையை மாற்றினால் போதும்.

இதைத்தான் கடந்த அறுபது எழுபது வருடத்தில் கெடுத்துவிட்டார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் சந்துகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள். தண்ணீருக்கு வழி இல்லை, கல் வழியாகத்தான் வர வேண்டும், வரும்போது உப்பைக் கல்லின் முகத்திலேயே விட்டுவிடும், குளிரில் உறைந்து கல் பொரிந்து உதிரும். உங்கள் சுவரில் கல் உள்ளே குழிந்தும் சந்துக் கலவை விலா எலும்பு மாதிரி வெளியே துருத்திக்கொண்டும் இருந்தால் அது சிமெண்ட்தான். உள்ளே ஜிப்சம் பூச்சு, அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட், தரையில் கான்கிரீட், அதற்கடியில் பாலித்தீன் தாள் என்று இருந்தால் தரையில் ஆவியாகிப் போக வேண்டிய ஈரம் எல்லாம் சுவருக்குப் போகும். வெளியே நடைபாதை உள்தரையைவிட உயரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், முந்நூறு வருடத்தில் மண் ஏறிக்கொண்டே வந்திருக்கும். ஓதம் என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பெரும்பாலும் மண்ணை ஒரு அடி வெட்டி எடுத்து, உடைந்த மழைநீர்க் குழாயை மாற்றி, சிமெண்டை எடுத்ததிலேயே சுவர் காயத் தொடங்கிவிட்டது. ஆனால் ஒரே மாதத்தில் காயாது. ஒன்றிரண்டு வருடம் பொறுமை வேண்டும்.

---

மேகலா எழுதியது:

கல்தச்சன் சொன்னதற்கு மேல் சுவரைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் ஜன்னலைப் பற்றி எழுதத்தான் வந்தேன், ஏனென்றால் நாங்களும் அதே மாதிரிச் சிக்கலில் மாட்டியவர்கள்.

வைகறை, கிரேடு 2 என்றால் முகப்புக்கு மட்டும் பாதுகாப்பு, உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்களும் நினைத்தோம். இங்கிலாந்தில் லிஸ்டட் கட்டடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கிரேடு 2-தான், கிரேடு 1 வெறும் 2.5 சதவீதம். ஆனால் எந்த கிரேடாக இருந்தாலும் சட்டம் ஒன்றே: உள்ளும் புறமும் முழு வீடும், அதோடு சேர்த்துக் கட்டியதும், 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே வளாகத்துக்குள் இருக்கும் மதில், கொட்டகை எல்லாமும் அதில் அடக்கம். பட்டியலில் நான்கு வரிதான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பழைய பதிவுகள் அப்படித்தான். அந்த வரிகள் வீட்டை அடையாளம் காட்டுவதற்கு, பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியல் இல்லை அது. உங்கள் மகள் கண்ட பூ பட்டியலில் இல்லாவிட்டாலும் சட்டத்தின் பாதுகாப்பில்தான் இருக்கிறது.

அனுமதி இல்லாமல் வீட்டின் தன்மையை மாற்றுவது 1990 சட்டத்தின்படி குற்றம், இரண்டு வருடம்வரை சிறை, அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. குற்றம் செய்தவர் அந்த வேலையைச் செய்தவரும் செய்யச் சொன்னவரும்தான், நீங்கள் இல்லை. ஆனால் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் இப்போதைய உரிமையாளருக்கு வரும். அதற்குக் காலக்கெடுவும் கிடையாது. முப்பது வருடம் ஆகிவிட்டதே என்று விட மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் எங்களுக்கு முன் இருந்தவர் ஒரு உள்சுவரை இடித்து இரண்டு அறையை ஒன்றாக்கியிருந்தார். வாங்கும்போது எங்கள் வழக்கறிஞர் அதைக் கேட்கவே இல்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. பிறகு நாங்கள் வேறு ஒரு வேலைக்கு விண்ணப்பித்தபோது பார்க்க வந்த கவுன்சில் அதிகாரி பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார். கடிதம், வரைபடம், கூட்டம் என்று 14 மாதம் போனது. அந்த அதிகாரி எங்களிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், ஆனால் அந்த 14 மாதமும் வீட்டுக்குள் நிம்மதியாக உட்கார்ந்த ஞாபகம் இல்லை.

ஆகவே கையெழுத்துக்கு முன் இதைச் செய்யுங்கள். சமையலறைக்கு அனுமதி வாங்கினார்களா என்று கவுன்சிலின் பழைய திட்ட அனுமதிப் பதிவுகளைத் தேடச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக்கை எடுத்து மர ஜன்னல் போடும் செலவை விலையில் கழிக்கக் கேளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது, முடிவுக்குப் பொதுவாக எட்டு வாரம் என்பார்கள், ஆனால் வரைபடம் போட்டுத் தருபவருக்குக் கொடுக்கும் பணம் இருக்கிறது. மச்சில் வௌவால் இருந்தால் அதற்குத் தனிச் சட்டம், கூரையில் கை வைப்பதற்கு முன் அதற்கான ஆய்வு வேண்டும். இதையெல்லாம் பயமுறுத்த எழுதவில்லை. நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம், விற்கும் எண்ணம் துளியும் இல்லை.

---

பென்னைன்_பக்கம் எழுதியது:

ஒரு சின்ன எச்சரிக்கை. கல் வீடு என்று தேடினால் வரும் எல்லா ஆலோசனையும் உங்கள் கல்லுக்குப் பொருந்தாது. நான் இருப்பது மேற்கு யார்க்ஷயரில், பழைய நெசவாளர் வீடு. மாடியில் சுவர் நீளத்துக்கும் எட்டு ஒன்பது கண் வைத்த ஜன்னல், தறிக்கு வெளிச்சம் வேண்டுமென்று. இங்கே கல் மணற்கல், உங்களுடையதைவிட ரொம்பக் கடினம், கரி படிந்து கறுத்திருக்கும். கூரைக் கல்லும் பெரிய பெரிய பலகை, அதனால் சரிவும் குறைவு. இங்கே தாங்குகிற கலவை அங்கே கல்லைத் தின்றுவிடும். உள்ளூர்க் கல்லில் கை பழகிய கொத்தனாரையே தேடுங்கள்.

---

இளவேனில் எழுதியது:

முகப்பின் இரண்டு பாதியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த பகுதி, வார இறுதிகளில் இந்த ஊர்களில் சுற்றுவதே வீட்டு முகப்புகளைப் பார்க்கத்தான்.

ஒரே வீடாக இருக்கலாம். 17-ஆம் நூற்றாண்டு வீட்டில் 18-ஆம் நூற்றாண்டில் கையில் காசு வந்தவர் முன்பக்கத்தை மட்டும் அந்தக் கால மோஸ்தருக்கு மாற்றிவிடுவார். வழவழப்பான கல் வெளித்தோல்தான், அதன் பின்னால் பழைய கரடு சுவரே இருக்கும். அல்லது வலது பாதியைப் பிறகு சேர்த்துக் கட்டியிருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு வழி, இரண்டு பாதியும் சேருமிடத்தில் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கிறதா, மேலிருந்து கீழே ஒரே நேர்க்கோடாக மூட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். நேர்க்கோடு என்றால் இரண்டும் வேறு வேறு காலம். வலது பாதியின் பின்சுவரையும் பாருங்கள், அங்கே பழைய ஜன்னல் இருந்தால் முகப்பை மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள். பின்பக்கத்துக்கு யாரும் செலவு செய்ய மாட்டார்கள், அதனால் பின்பக்கம் பழைய கதையைச் சொல்லிவிடும்.

நான்கு, மூன்று, இரண்டு என்று கண் குறைவது இந்தப் பக்கத்து வழக்கம். கீழே கூடம், மேலே படுக்கை, உச்சியில் சாமான் அறை, அறையின் மதிப்பு குறையக் குறைய ஜன்னலும் சிறுக்கும். நகரத்தில் இந்த ஜன்னல் மோஸ்தர் போன பிறகும் காட்ஸ்வோல்ட்ஸ் கொத்தனார்கள் விடாமல் செய்துகொண்டிருந்தார்கள், ஆகவே ஜன்னலை மட்டும் வைத்து வருடம் சொல்லாதீர்கள்.

ஜன்னல் வரி 1696 முதல் 1851 வரை உண்மையிலேயே இருந்தது, ஆனால் அடைத்த ஜன்னல் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்பதை நான் ஏற்க மாட்டேன். உள்ளே படிக்கட்டு மாறியிருக்கும், கணப்பு வந்திருக்கும். அடைத்த ஜன்னலுக்குப் பின்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அந்த ஆறு இதழ்ப் பூ தீயதை அண்டவிடாமல் தடுக்கப் போட்ட குறி. கதவு, ஜன்னல், புகைபோக்கி, இப்படி வெளியிலிருந்து எதுவும் நுழையக்கூடிய வழிகளில் கீறுவார்கள். 2016-இல் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து (லிஸ்டட் கட்டடப் பட்டியலைப் பராமரிக்கும் அரசு அமைப்பு), இப்படிப்பட்ட குறிகளைத் தேடி எங்களுக்கு அனுப்புங்கள் என்று பொதுமக்களிடமே கேட்டது. உங்கள் மகளிடம் சொல்லுங்கள். உத்திரத்தை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் பூ போய்விடும்.

முடிந்தால் கெல்ம்ஸ்காட் மேனருக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1600-ஐ ஒட்டிய காலத்துக் கல் வீடு, கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1871-இல் வாடகைக்கு எடுத்தது. 1876-இல், பக்கத்தில் பர்ஃபர்ட் தேவாலயத்தைப் 'புதுப்பிக்கிறோம்' என்று சுரண்டியதைப் பார்த்து மனம் நொந்தவர்களில் அவரும் ஒருவர், மறுவருடம் 1877-இல் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது, வீட்டு உரிமையாளர்களுக்குச் சுண்ணாம்பு வேலைப் பயிற்சிகூட நடத்துகிறது.

---

வைகறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை திரும்பப் போனோம், நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் முகப்பின் முன்னால் நின்றோம். கல்தச்சன் அண்ணா, நீங்கள் சொன்னது கண்ணெதிரே நடந்தது: மேலே இருக்கும் பழைய ஜன்னல் இரண்டிலும் தண்ணீர் அந்தப் பட்டை விளிம்பில் சொட்டுச் சொட்டாக விழுகிறது, கண்ணாடி காய்ந்திருக்கிறது. கீழ் ஜன்னலில் மட்டும் பட்டைக்கு அடியில் சாம்பல் நிறத்தில் எதையோ பூசி மழுக்கியிருக்கிறார்கள், அங்கே தண்ணீர் உள்ளே ஒட்டிக்கொண்டே வழிகிறது. சர்வேயர் மீட்டர் வைத்து அதிகம் என்று குறித்த இடம் சரியாக அதற்கு நேர் உள்ளே!

பக்கவாட்டில் கான்கிரீட் பாதை உள்தரையைவிட ஒரு சாண் உயரம். சந்துகளில் விலா எலும்பு கீழ்ப்பாதி முழுக்க இருக்கிறது, மேல்பாதியில் பழைய வெள்ளைக் கலவை அப்படியே இருக்கிறது, அங்கே கல் ஒன்றுகூடப் பொரியவில்லை. இளவேனில், முகப்பில் நேர்க்கோட்டு மூட்டு எதுவும் இல்லை, பின்சுவரில் கல் தடுப்பு ஜன்னல் இரண்டு இருக்கின்றன. அடைத்த ஜன்னலுக்குப் பின்னால் புகைபோக்கியும் அதை ஒட்டிச் சுழன்று ஏறும் கல் படிக்கட்டும்.

சமையலறைக்குக் கவுன்சில் பதிவில் எதுவும் கிடைக்கவில்லை. விலையைக் குறைக்கக் கேட்டிருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம். ஓதக் கம்பெனிக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டோம்.

அண்ணா, வாங்கிவிட்டோம் என்றால் அந்தச் சிமெண்டை உடனே எடுத்துவிடலாமா? நவம்பரில் சாவி கையில் வரும்.

---

கல்தச்சன் எழுதியது:

நவம்பரில் வேண்டாம். சுண்ணாம்புக் கலவை இறுகுவதற்கு முன் உறைபனி பட்டால் மொத்தமும் உதிர்ந்துவிடும், 5 டிகிரிக்குக் கீழே நாங்கள் கையே வைப்பதில்லை. ஏப்ரல் கடைசிக்கு மேல் ஆரம்பியுங்கள். மழைநீர்க் குழாயை மட்டும் இப்போதே சரிசெய்யலாம். கான்கிரீட் பாதையை எடுப்பதென்றால் முதலில் கவுன்சிலில் பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அப்போதே சந்துக் கலவை மாற்றுவதற்கும் அனுமதி தேவையா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடித்தளம் ஆழமில்லாமல் இருக்கும், அதனால் பாதையை ஒரே மூச்சில் தோண்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொல்லுங்கள்.

சிமெண்டை எடுக்கும்போது உளியும் சுத்தியலும்தான். கிரைண்டர் வைத்து வேகமாக முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், சந்து குறுகலான இடத்தில் கல்லின் விளிம்பையே வெட்டிவிடும். வெளியே வராமல் கல்லைக் கவ்விக்கொண்டிருக்கும் சிமெண்டை அப்படியே விட்டுவிடலாம், பத்து வருடத்தில் தானே தளரும். மேல்பாதியில் இருக்கும் பழைய கலவையில் தானாக உதிர்ந்த துண்டு ஒன்றை எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். எந்த மணல், எவ்வளவு சுண்ணாம்பு என்று அதைப் பார்த்துத்தான் புதுக் கலவை போட வேண்டும்.